நான்காவது டேக்

கியோத்தோவின் சினிமாப் பேட்டையான உஸுமாசாவில் அந்த நாட்களில் காலை எட்டு மணிக்கு டிராமை விட்டு இறங்கினால், முந்நூறு வருஷத்துக்கு முந்தைய மனிதர்கள் எதிரே சைக்கிளில் வருவார்கள். இடுப்பில் இரண்டு வாள், தலையில் குடுமி, வாயில் சிகரெட். ஸ்டூடியோ வாசலிலிருந்த ஊடோன் கடையில் இளவரசியும் பிச்சைக்காரனும் கூலிக்குக் கொலை செய்பவனும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து நூடுல்ஸை உறிஞ்சுவார்கள். கடைக்காரி யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். "அந்த ஓரத்து சாமுராய்க்கு வெங்காயத்தாள் போடவா வேண்டாமா?" என்று மட்டும் கத்துவாள்.

மசாயேவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஸ்டூடியோவில் அவள் வேலை, காமெரா பார்ப்பதையெல்லாம் தானும் பார்த்து எழுதி வைப்பது. யார் எந்தக் கையில் வாளைப் பிடித்தார், மேலங்கியின் எந்த முடிச்சு அவிழ்ந்திருந்தது, வசனத்தில் எந்தச் சொல் மாறியது, ஒவ்வொரு டேக்கும் எத்தனை வினாடி, எல்லாம் அவள் நோட்டில் இருக்கும். கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. எல்லோருக்கும் அவள் நோட்டுக்காரம்மா.

அந்தப் பேரை வைத்தது ஓனோதேரா. அவருக்கு நாற்பத்து மூன்று வயது. வெட்டுப்பட்டுச் சாவதுதான் அவர் தொழில். நாயகன் ஒருவன் இருபது பேரை வெட்டிச் சாய்த்தான் என்றால் அந்த இருபதில் கடைசியாக, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு சாகிறவர் அவராக இருப்பார். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு விழுவார்கள். ஓனோதேரா மல்லாந்து விழுந்து, கண்ணை அகலத் திறந்து வானத்தைப் பார்த்தபடி கிடப்பார். ஈ வந்து உட்கார்ந்தாலும் இமை ஆடாது.

"இந்த வாரம் ஒம்பது தடவ செத்தாச்சு, நோட்டுக்காரம்மா. ஞாயித்துக்கிழமையாவது உயிரோட இருக்கலாம்னு பாக்குறேன்."

"பத்து. செவ்வாய்க்கிழமை ரீடேக்கை விட்டுட்டீங்க."

"பாரு, என் சாவ என்னைவிட நீதான் சரியா வச்சிருக்க."

போரில் தோற்ற பிறகு சில வருஷங்கள் வாள் படங்களுக்குத் தடை இருந்தது. அந்த நாட்களில் ஓனோதேரா அப்பாவின் டோஃபு கடையில் விடியற்காலையில் சோயா அரைத்தார். தடை நீங்கியதும் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் தியேட்டருக்கு வந்தார்கள். சுவரொட்டிகளில் எல்லாம் 'சாமுராய் உள்ளம்' என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். ஒருமுறை விளம்பரப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, சாமுராய் உள்ளம் என்றால் என்ன, ஒரு வரி சொல்லுங்கள் என்று ஓனோதேராவிடம் கேட்டார்.

"அது எனக்குத் தெரியாதுங்க. டோஃபுவப் பத்தின்னா சொல்றேன். அழுத்தாமத் தொடணும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஓனோதேரா சிரிக்கவில்லை என்பதை மசாயே கவனித்தாள். கவனிப்பதுதானே அவள் வேலை.

விபத்து நடந்தது அந்த வருஷம் அக்டோபர் கடைசியில். கட்சுரா ஆற்றங்கரை நாணல் காட்டில் படத்தின் முடிவுச் சண்டையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரபுவின் கட்டளைக்குக் கட்டுப்பட்டு, ஓர் இளைஞன் தன் அண்ணன் போன்ற நண்பனை வெட்டிக் கொல்ல வேண்டும். இளைஞனாக நடித்தவன் ஷின்னோசுகே. இருபத்திரண்டு வயது. அவன் முகம் போட்ட நாட்காட்டி இல்லாத முடிதிருத்தகம் கியோத்தோவில் கிடையாது. வாள் வீச்சு மட்டும் அவனுக்கு அவ்வளவாக வராது. நண்பனாக நடித்தவர் ஓனோதேரா. இத்தனை வருஷத்தில் பேர் போடப்படும் வேடம் அவருக்கு அதுதான் முதல்.

வழக்கமாக மூங்கில் பட்டையில் வெள்ளித்தாள் ஒட்டிய வாள்தான். இயக்குநர் குஸுமிக்கு அது பிடிக்கவில்லை. "எடை முகத்துல தெரியணும்யா" என்று சொல்லி முனை மழுங்கிய உலோக வாளைக் கொடுக்கச் சொன்னார். ஒத்திகை பன்னிரண்டு தடவை நடந்தது. ஷின்னோசுகே வலது தோளுக்கு மேலிருந்து வெட்ட வேண்டும். ஓனோதேரா தன் வலப்பக்கம் சாய்ந்து விலக வேண்டும். அப்புறம் மூன்று தள்ளாட்டம், ஒரு திரும்பல், மல்லாந்து விழுதல்.

மூன்று டேக் சரியாக வரவில்லை. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. "இன்னும் ஒண்ணுதான். அதுக்கு மேல சூரியன் நிக்காது" என்று ஒளிப்பதிவாளர் முணுமுணுத்தார்.

நான்காவது டேக்கில் ஷின்னோசுகே இடது தோளுக்கு மேலிருந்து வெட்டினான்.

ஓனோதேரா பழக்கப்படி வலப்பக்கம் சாய்ந்தார். வாள் அங்கேதான் வந்தது. சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. காற்று நாணலில் அதைவிடப் பெரிதாக இரைந்துகொண்டிருந்தது. ஓனோதேரா மூன்று அடி தள்ளாடினார். ஒருமுறை திரும்பினார். விழுந்தார். எல்லாம் ஒத்திகைப்படி. ஆனால் முகம் குப்புற விழுந்தார்.

ஷின்னோசுகே வாளைத் தாழ்த்தவும் மறந்து நின்றான். அவன் உதடு ஒருபக்கமாக இழுத்துக்கொண்டது. கண்ணிலிருந்து என்னவோ வடிந்து போவதுபோல் இருந்தது. அதுவரை எந்தப் படத்திலும் அவன் முகம் அப்படி இருந்ததில்லை. காமெரா ஓடிக்கொண்டே இருந்தது.

"கட்! இதான்! இதத்தான் கேட்டேன்!" குஸுமி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

மசாயே அதற்குள் ஓடிப்போயிருந்தாள். ஓனோதேராவின் முகத்தடியில் நாணல் வேரெல்லாம் சிவந்திருந்தது. அவளும் இன்னொருவரும் சேர்ந்து அவரைப் புரட்டினார்கள். வலது கண் இருந்த இடத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

"டேக் ஓகேவா?" என்று ஓனோதேரா கேட்டார்.

"பேசாதீங்க!"

"ஓகேவான்னு கேட்டேன்மா."

"ஓகே."

"அப்போ சரி." அப்புறம்தான் அவர் நினைவிழந்தார்.

தயாரிப்பு நிர்வாகி தோகாவா ஷின்னோசுகேயைத் தோளோடு பிடித்து ஒரு காருக்குள் திணித்து அனுப்பிவிட்டார். அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். கார்க் கதவு சாத்திக்கொண்டது.

அன்றிரவே ஓனோதேராவின் வலது கண்ணை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் தோகாவா மசாயேவின் மேஜைக்கு வந்து ஓரமாக உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு வரிம்மா. 'ஓனோதேரா கால் தவறினார்.' அவ்வளவுதான். அந்தாளே ஆம்புலன்ஸ்ல அதத்தான் சொன்னாரு."

"அவர் கால் தவறலையே."

"எனக்குத் தெரியாதா? ஷின்னோசுகே அடிச்சான்னு வெளிய போச்சுன்னா பத்திரிகைக்காரன் சும்மா விடுவானா? படம் நின்னுடும். அறுபது குடும்பம் இதை நம்பி இருக்கு. புதுவருஷத்துக்குப் படம் வெளிய வரணும் வேற."

"ஒரு பக்கத்துல நான் பொய் எழுதினா மத்த பக்கத்தையெல்லாம் யார் நம்புவாங்க, தோகாவா சான்?"

"இது என்ன வேதமா? சினிமா நோட்டும்மா!"

அவள் நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஓனோதேரா தலை முழுக்கக் கட்டோடு உட்கார்ந்து, ஒரு கிண்ணம் கஞ்சியை ஸ்பூனால் தேடிக்கொண்டிருந்தார். ஸ்பூன் கிண்ணத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. அவளைக் கண்டதும் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"தோகாவா சொன்னான். எழுதிக்கொடு. நான் கால் தவறினேன்."

"பதினெட்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கீங்க. ஒரு தடவ கால் தவறியிருக்கீங்களா? இதை எழுதினா இனி உங்க எதிர்ல ஒருத்தனும் வாளெடுத்து நிக்க மாட்டான்."

"ஒத்தக் கண்ணனுக்கு எதிர்ல எப்படியும் நிக்க மாட்டான். விடு."

"இதுதான் அந்த சாமுராய் உள்ளமா?" அவளுக்குக் கோபத்தில் குரல் உடைந்தது. "அடுத்தவன் தப்பைத் தலைல போட்டுக்கிட்டுச் சிரிக்கிறது?"

ஓனோதேராவின் ஒற்றைக் கண் அவளை உற்றுப் பார்த்தது.

"அந்த வார்த்தைய என்கிட்ட சொல்லாத. பர்மாவுல எங்க ஆபீசர் தினமும் சொல்லுவான். சொல்லிட்டு எங்களுக்குப் பின்னால நிப்பான்." போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். "அங்க ஒரு மூட்டை அரிசி காணாமப் போச்சு. ஒரு பேரைச் சொல்லு, இல்லாட்டி எல்லாருக்கும் உதைன்னாங்க. அந்தப் பையன் கிடங்குப் பக்கம் நின்னத நான் பாத்திருந்தேன். சொல்லிட்டேன். பத்தொம்பது வயசு அவனுக்கு. அடிச்சாங்க. மூணு நாள் கெடந்தான். அப்புறம் பாத்தா அரிசிய எடுத்தது வேற எவனோ."

வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"அன்னிக்கு முடிவு பண்ணினேன். எவன் பேரையும் இந்த வாய் இனிச் சொல்லாது. இது பெருந்தன்மை ஒண்ணுமில்ல. என்னால முடியாது, அவ்வளவுதான்."

மசாயேவுக்கு அண்ணன் நினைவு வந்தது. அவனும் போரிலிருந்து திரும்பவில்லை. அவள் மெல்லச் சொன்னாள்.

"எங்கண்ணனப் பத்தி ராணுவத்துலேருந்து ஒரு தாள் வந்துச்சு. போர்க்களத்துல வீர மரணம்னு. கூட இருந்தவர் அப்புறமா வந்து சொன்னாரு. பசில செத்தானாம். ஒரு மரத்துல சாஞ்சமானிக்கு. எங்கம்மா இன்னிக்கும் அந்தத் தாளுக்கு முன்னால ஊதுவத்தி கொளுத்துறாங்க. தினமும் ஒரு பொய்யக் கும்பிடுறாங்க. அதுல கையெழுத்துப் போட்டவனும் ஒரு வரிதானேன்னு நெனச்சிருப்பான்."

அவள் மடியிலிருந்த பையின் மேல் கையை வைத்தாள்.

"விழுந்தது நீங்க, ஓனோதேரா சான். நீங்க என்ன வேணா சொல்லுங்க. நோட்டு என்னோடது."

"பிடிவாதக்காரி."

"நீங்க மட்டும்?"

அவள் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து அவர் கையில் வைத்து, ஸ்பூனைக் கிண்ணத்தின் விளிம்பில் தொடவைத்தாள். அவர் மறுக்காமல் சாப்பிட்டார். அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மூன்றாம் நாள், எடுத்த படச்சுருளைப் போட்டுப் பார்த்தார்கள். சின்ன அறை, பத்து நாற்காலி. குஸுமி, ஒளிப்பதிவாளர், தோகாவா, மசாயே. ஷின்னோசுகே இதற்கெல்லாம் வருகிறவனில்லை. அன்று வந்தான். தோகாவா முகம் சுளித்தார். அவன் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தான்.

திரையில் நாணல் ஆடியது. வாள் எழுந்தது, தவறான தோளிலிருந்து. சந்தேகத்துக்கே இடமில்லை. ஓனோதேராவின் பாதம் மண்ணில் குறித்து வைத்த கல்லுக்குப் பக்கத்தில், ஓர் அங்குலம்கூடப் பிசகாமல் இருந்தது. வாள் பட்ட கணத்தில் அவர் தலை ஒரு துளி அதிர்ந்தது. பிறகு, இரத்தம் காமெராவுக்குத் தெரியாதபடி முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று தள்ளாடினார். அவர் ஏன் குப்புற விழுந்தார் என்று மசாயேவுக்கு இப்போதுதான் புரிந்தது. மல்லாந்திருந்தால் டேக் வீணாகியிருக்கும்.

விளக்கு எரிந்தது.

"இந்த டேக்தான் படத்துல இருக்கும்" என்றார் குஸுமி. அவர் குரலில் வழக்கமான அதட்டல் இல்லை. "அந்த வாளைக் குடுக்கச் சொன்னது நான். அதையும் யாராவது எழுதி வைங்க."

"சென்செய், அதெல்லாம் எதுக்கு இப்போ..." என்று தோகாவா இயக்குநரைத் தடுக்க எழுந்தார்.

பின்னாலிருந்து ஷின்னோசுகே கேட்டான். "மசாயே சான், உங்க நோட்டுல என்ன இருக்கு? கொஞ்சம் படிங்க."

அவள் நோட்டைப் பையிலிருந்து எடுத்தாள். பக்கத்தைத் திருப்பிப் படித்தாள்.

"நான்காவது டேக். நாற்பத்தோரு வினாடி. ஒத்திகையில் வலது தோள். டேக்கில் ஷின்னோசுகே இடது தோளிலிருந்து வெட்டினார். ஓனோதேராவின் கால் குறித்த இடத்தில். முகம் குப்புற விழுந்தார். இயக்குநர் ஓகே."

ஷின்னோசுகே தலையசைத்தான். எழுந்து வெளியே போனான். ஓடிவிட்டான் என்றே மசாயே நினைத்தாள். தோகாவாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். நிம்மதியாக ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார்.

மறுநாள் காலை மூன்றாம் எண் அரங்கில் எல்லோரும் கூடியிருந்தபோது கதவைத் திறந்துகொண்டு ஒரு மொட்டைத் தலை வந்தது. கொஞ்ச நேரம் யார் என்றே தெரியவில்லை. தெரிந்ததும் ஒப்பனைப் பெண் கையிலிருந்த பஞ்சைக் கீழே போட்டாள். நாட்டிலுள்ள பாதிப் பெண்களுக்குத் தெரிந்த அந்தத் தலைமுடி முழுக்கப் போயிருந்தது. சிரைத்த இடத்தில் இரண்டு கீறல் வேறு. தப்பு செய்தவன் மன்னிப்புக் கேட்குமுன் மொட்டையடித்துக்கொள்வது அந்த ஊர் வழக்கம்.

ஷின்னோசுகே அரங்கின் நடுவில் நின்றான். தச்சர்கள், விளக்குக்காரர்கள், குடுமி வைத்த துணை நடிகர்கள், எல்லோரும் அப்படியே நின்றார்கள்.

"ஓனோதேரா அண்ணன் கால் தவறல. நான்தான் வெட்டை மாத்திட்டேன். பயத்துல மறந்துட்டேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும். மூணு நாளா சொல்லாம இருந்தேன். அது அடிச்சதைவிடக் கேவலம்." அவன் இடுப்பு மடங்கக் குனிந்தான். நிமிரவே இல்லை. "என்னோட நிக்க உங்களுக்கு இஷ்டமில்லன்னா சொல்லிடுங்க. போயிடுறேன்."

எவ்வளவு நேரம் அப்படி நின்றான் என்று மசாயே கணக்கு வைக்கவில்லை. ஸ்டாப்வாட்ச்சைத் தொடக்கூடத் தோன்றவில்லை. கடைசியில் விக் வைக்கிற கிழவர் தொண்டையைச் செருமினார்.

"எழுந்திரு தம்பி. உன் முடிக்கு மேல விக்கு உக்காராம இத்தன நாளா என் உயிரு போச்சு. இனிமேதான் எனக்கு நிம்மதி."

யாரோ ஒருவர் சிரிக்க, இன்னொருவர் மூக்கைச் சிந்தினார். வேலை தொடங்கியது.

அன்று சாயங்காலம் மசாயேவைக் கூட்டிக்கொண்டு அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். கட்டிலருகே தரையில் மண்டியிட்டு நெற்றியைப் பலகையில் வைத்தான். ஓனோதேரா அந்த மொட்டையை வெகுநேரம் பார்த்தார்.

"யாருடா இது, புத்த சாமியாரா? நான் இன்னும் சாகலையே. மந்திரம் ஓத வந்துட்டியா?"

"அண்ணே..."

"எந்திரி. தரை சில்லுன்னு இருக்கு." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பாமலே கேட்டார். "நீயாவா சொன்ன? யாரும் பேரைச் சொல்லிக் குடுக்கலையே?"

"நானேதான்ணே."

ஓனோதேராவின் தோள்கள் மெல்ல இறங்கின. இவ்வளவு நாளாக அவர் தோளை உயர்த்தியே வைத்திருந்தார் என்பதை மசாயே அப்போதுதான் கண்டாள்.

படம் நிற்கவில்லை. ஒரு பத்திரிகை இரண்டு வாரம் எழுதித் தள்ளியது. பிறகு வேறு செய்தி கிடைத்தது. புதுவருஷத்தின் மூன்றாம் நாள், மசாயேவும் ஓனோதேராவும் ஷிஞ்சோகொகு தெருவில் ஒரு தியேட்டரில் நின்றுகொண்டே படம் பார்த்தார்கள். உட்கார இடமில்லை. நான்காவது டேக் வந்தபோது அரங்கமே மூச்சடக்கியது. பக்கத்திலிருந்த மீன்காரி ஒருத்தி, "அடப்பாவி, சொந்த அண்ணன வெட்டின மாதிரி முழிக்கிறானே" என்று கண்ணைத் துடைத்தாள். மசாயே திரையைப் பார்க்க முடியாமல் ஓனோதேராவைப் பார்த்தாள். அவர் கட்டைவிரலை வாளின் பிடியில் வைத்திருப்பதுபோல் மடக்கிக்கொண்டு, தன் சாவை ஒரு தொழிலாளியின் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது தள்ளாட்டம் கொஞ்சம் அதிகம்" என்றார் வெளியே வந்ததும்.

"இல்ல. சரியாதான் இருந்துச்சு."

"நீ சொன்னா சரி."

ஆனால் ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் தெரியாது. தேநீர் ஊற்றினால் கோப்பைக்கு வெளியே சிந்தியது. வாளை நீட்டினால் எதிராளியின் மூக்கில் முடியுமோ முழத்தூரம் முன்னால் முடியுமோ, அவருக்கே தெரியவில்லை. கூட நிற்கப் பயந்தார்கள். அதில் தப்பும் இல்லை. ஷின்னோசுகே மட்டும் அடுத்த படத்துக்கு அவர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தான்.

"கண்ணு இல்லாட்டி என்ன? தூரத்தை நான் அளந்து தர்றேன்" என்று மசாயே ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

மார்ச், ஏப்ரல் முழுக்கக் காலை ஆறு மணிக்கு, வேலையாட்கள் வருமுன், காலியாகக் கிடந்த மூன்றாம் எண் அரங்கில் இருவரும் பழகினார்கள். வெட்ட வெட்ட ஒவ்வொரு அடியையும் அவள் அளந்து எண்ணாக எழுதினாள். அவர் அந்த எண்களைக் காலால் மனப்பாடம் செய்தார். எதிரே மூங்கில் வாளோடு நிற்க வேறு ஆளில்லாததால் அவளே நின்றாள். கிமோனோக் கையை நாடாவால் இழுத்துக் கட்டிக்கொண்டு, "ரெண்டரை அடி! இப்போ நாலு! இப்போ நில்லுங்க!" என்று கத்துவாள். ஒருநாள் அவளே தப்பான எண்ணைச் சொல்லி அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டாள்.

"ஐயோ! வலிக்குதா?"

"இது யார் தப்பு?" என்றார், தோளைத் தடவிக்கொண்டே.

"என் தப்புதான்."

"சொல்றதுக்கு எவ்வளவு லேசா இருக்கு பாத்தியா உனக்கு?" என்று சொல்லிவிட்டு, அவள் பார்த்தே இராத ஒரு சிரிப்புச் சிரித்தார்.

மே மாதம் முதல் சண்டைக் காட்சி. ஷின்னோசுகேயின் முடி அதற்குள் ஒரு விரல் அளவு வளர்ந்திருந்தது. பதினேழு வாள்வீச்சு, நடுவில் நிறுத்தாமல் ஒரே ஷாட். மசாயே காமெராவுக்குப் பக்கத்தில் வாய்க்குள்ளேயே எண்களைச் சொல்லிக்கொண்டு நின்றாள். ஓனோதேரா முதல் டேக்கிலேயே குறித்த இடத்தில், குறித்த கணத்தில் செத்தார். குஸுமி "ஓகே" என்றதும் விளக்குக்காரர்கள் மேலே பரணிலிருந்து கைதட்டினார்கள். அது அந்த ஸ்டூடியோவில் வழக்கமே இல்லாத காரியம்.

அதற்குப் பிறகும் அவர் பதினோரு வருஷம் செத்துக்கொண்டிருந்தார். அந்த வருஷ இலையுதிர் காலத்தில் அவளைக் கட்டிக்கொண்டார். தாலுக்கா ஆபீஸ் போய்ப் பதிவு செய்துவிட்டு நேரே ஷூட்டிங்குக்கு வந்தார்கள். தோகாவாதான் எல்லோருக்கும் ஊடோன் வாங்கிக் கொடுத்தார்.

பிற்காலத்தில், ஓனோதேரா நிஜமாகவே போய்ச் சேர்ந்த பிறகு, பழைய படங்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர்கள் மசாயேவைத் தேடி வந்தார்கள். பெரிய பெரிய சண்டைகளைப் பற்றிக் கேட்டார்கள். அவள் எல்லாவற்றுக்கும் தேதியும் டேக் எண்ணும் வினாடியும் சொன்னாள். அவர்கள் போன பிறகு வேறொன்று நினைவுக்கு வரும். அதை அவள் எந்த நோட்டிலும் எழுதியிருக்கவில்லை. வசந்தகாலக் காலை. அரங்கின் கூரை ஓட்டை வழியாக விழும் ஒரு கோடு வெளிச்சம், அதில் மிதக்கும் மரத்தூள், புதிதாக அறுத்த சீடர் பலகையின் வாசம். ஓனோதேரா வியர்வையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, வழியில் வாங்கிவந்த சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் செய்தித்தாளிலிருந்து பிரிப்பார். இரண்டாக ஒடிப்பார். ஒற்றைக் கண்ணுக்கு எது பெரிய பாதி என்று தெரியாது. இரண்டையும் அவளிடம் நீட்டி, "நீயே பாத்து எடு" என்பார். அவள் எப்போதும் சின்னதை எடுத்துக்கொண்டு, பெரியது தன்னுடையது என்று சொல்லிவிடுவாள்.

அந்த ஒரு பொய்யை மட்டும் அவரோடு வாழ்ந்த இருபத்தாறு வருஷமும் அவள் விடாமல் சொன்னாள்.